ஞாயிற்றுக்கிழமை எடை (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கைந்து வருடமாக உங்களைப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. பெயரும் ஊரும் போட வேண்டாம்.

எனக்கு 36 வயது. கல்யாணத்தின்போது 54 கிலோ. பெண் பார்க்க வந்தபோது, "புள்ள கொஞ்சம் பூஞ்சையா இருக்குதே" என்று மாமியார் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்போதும் என் கை தடிமன் என்று நினைத்து முழுக்கை ஜாக்கெட்தான் தைப்பேன். இரண்டு குழந்தைகள், இரண்டும் சிசேரியன். இப்போது 76 கிலோ, உயரம் 158 செ.மீ.

என் கணவர் கெட்டவர் இல்லை அக்கா. குடி கிடையாது, கை நீட்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு எடை மிஷின் வாங்கினார். ஞாயிறு காலையில் குளிப்பதற்கு முன் நான் அதில் ஏற வேண்டும். அவர் காலண்டரில் குறித்து வைப்பார். கூடியிருந்தால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார். "உனக்காகத்தான் சொல்றேன், உங்கம்மாவுக்கு சுகர் இருக்குது" என்பார். போன மாதம் தங்கை வீட்டு விசேஷத்தில் எல்லார் முன்னாலும், "பிளாஸ்டிக் சேரு, பார்த்து உக்காரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

பேலியோ, 16 மணி நேர விரதம், ஷேக் பவுடர் எல்லாம் பார்த்துவிட்டேன். பேலியோவில் எட்டு கிலோ இறங்கிப் பதினொன்று ஏறியது. இப்போது காலையில் எலுமிச்சைத் தண்ணீர், மத்தியானம் வெள்ளரிக்காயும் முளைகட்டிய பயறும். சாயந்திரம் குழந்தைகளுக்கு பஜ்ஜி போட்டுக் கொடுப்பேன், தொட மாட்டேன். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகுதான் என்ன ஆகிறதென்றே தெரியவில்லை. அடுப்படியில் நின்றபடியே மிச்சச் சோறு, குழம்பு, மிக்சர், பிஸ்கட் என்று வயிறு வலிக்கும்வரை தின்கிறேன். வாரத்தில் மூன்று நாளாவது இப்படி ஆகிவிடுகிறது. பிஸ்கட் பாக்கெட் காலியானால் காய்கறித் தோலுக்கு அடியில் கவரை மறைத்துவிட்டு, மறுநாள் அதே பாக்கெட்டை வாங்கி வருவேன். முன்னால் எத்தனை பிஸ்கட் இருந்ததோ அத்தனையை விட்டுவிட்டு மீதியைச் சாப்பிட்டுவிட்டு, ரப்பர் பேண்ட் போட்டு அதே இடத்தில் வைத்துவிடுவேன்.

போன வாரம் என் ஒன்பது வயது மகள் அந்த மிஷினில் ஏறி நின்றுகொண்டு, "அம்மா, நான் குண்டா?" என்று கேட்டாள்.

எனக்கு மட்டும் ஏன் நாக்கு அடங்க மாட்டேன் என்கிறது? ஒல்லியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? வாரம் ஒரு ஊசி வந்திருக்கிறதாம், அவர் விலை விசாரித்து வைத்திருக்கிறார். போட்டுக்கொள்ளலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

அந்த பிஸ்கட் பாக்கெட்டிலிருந்து தொடங்குகிறேன். மறுநாள் வாங்கி வரும் இரண்டாவது பாக்கெட்டில் பாதியைத் தின்கிறீர்களே, அதைப் பசித்தும் தின்னவில்லை, ருசித்தும் தின்னவில்லை. கணக்கு டேலி ஆவதற்காகத் தின்கிறீர்கள். யாரும் எண்ணிப் பார்க்காத வீட்டில் அரை பாக்கெட்டோடு போயிருக்க வேண்டியது, உங்கள் வீட்டில் ஒரு முழு பாக்கெட் ஆகிறது. உங்கள் கணவரின் கண்காணிப்பு இதுவரை சாதித்தது அந்தக் கூடுதல் அரை பாக்கெட்தான். அவர் காலண்டரில் அதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கலாம்.

நாக்கு அடங்கவில்லை என்கிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் பகல் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன். இரவுவரை உங்கள் உடம்புக்கு வேண்டியதில் கால் பங்குகூட உள்ளே போகவில்லை. அந்த வயிற்றோடு எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று பஜ்ஜி போட்டு, ஒன்றைக்கூட வாயில் போடாமல் தட்டில் அடுக்கித் தருகிறீர்கள். இதற்கு மேல் என்ன மன உறுதி வேண்டும்?

1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை தொடங்கியது. போர் முடியும் தறுவாய். ஐரோப்பாவில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படித் திரும்பச் சாப்பாடு கொடுத்து உடம்பைத் தேற்றுவது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலிலும் மனதிலும் திடமானவர்கள் என்று சலித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். முதல் சில மாதங்கள் வழக்கமான சாப்பாடு. பிறகு 24 வாரம் அரைப் பட்டினி: உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி என்று நாளுக்குச் சராசரி 1570 கலோரி அளவில். கூடவே வாரம் 22 மைல் நடக்க வேண்டும். எடையில் கால் பங்கு போய்விட்டது.

எடை போனது எதிர்பார்த்ததுதான். மனசுக்கு ஆனதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. அதுவரை அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆண்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து ராத்திரியில் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். சாப்பாட்டை மணிக்கணக்காகப் பிசைந்துகொண்டிருந்தார்கள். கனவிலும் பேச்சிலும் சாப்பாடு. சிலர் யாருக்கும் தெரியாமல் வெளியே தின்றுவிட்டு வந்து குற்ற உணர்ச்சியில் உடைந்துபோனார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வயிறு நிறைந்து வலித்தும் பசி தீரவில்லை என்றார்கள். ஆயிரக்கணக்கான கலோரி தின்றும் கை நிற்கவில்லை. பழைய எடை திரும்பி, அதற்கு மேலும் ஏறியது. வயிற்றிலும் தொடையிலும் சதை போடுகிறதே என்று கவலைப்பட்டார்கள். இவர்களில் பெண் ஒருவர்கூட இல்லை. எடை மிஷினோடு காத்திருக்கும் கணவரும் யாருக்கும் இல்லை. வெறும் பசிதான் இத்தனையும் செய்தது.

இன்று நம் ஊரில் கூசாமல் 1200 கலோரி டயட் என்று தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள். உங்கள் பகல் அதையும்விடக் குறைவு. ராத்திரி உங்களை அடுப்படிக்கு இழுத்துப் போவது பகலில் நீங்கள் கட்டிப்போட்ட பசி.

பசியோடு வேறொன்றும் சேர்ந்திருக்கலாம். கொஞ்ச நேரத்துக்குள் அளவுக்கு மீறித் தின்பது, நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு, வெட்கப்பட்டுத் தனியாகத் தின்பது, வயிறு வலிக்கும்வரை போவது, பிறகு தன்மீதே அருவருப்பு. இது வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதமாக நடந்தால் மனநல மருத்துவத்தில் அதற்குப் பெயர் உண்டு: பிஞ்ஜ் ஈட்டிங் டிஸார்டர். ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1959இலேயே இதை விவரித்திருக்கிறார். அங்கத்திய மனநல மருத்துவக் கையேட்டில் தனி நோயாக இடம்பெற 2013 வரை ஆனது. உங்களுக்கு இருப்பது அதுதான் என்று நான் சொல்லக் கூடாது, நான் கதை எழுதுகிறவள். ஆனால் மனநல மருத்துவரிடமோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடமோ போகும் அளவுக்கு உங்கள் கடிதத்தில் விஷயம் இருக்கிறது. போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு உதவி எண், காசில்லை, தமிழில் பேசலாம். அப்படியே தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லை என்றால் அதையும், ஏதாவது மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டும் சில மனநல மாத்திரைகளும் எடையை ஏற்றும்.

இதற்கான சிகிச்சையில் முதல் படி என்ன தெரியுமா? சாப்பிடச் சொல்வார்கள். மூன்று வேளை சாப்பாடு, நடுவில் இரண்டு முறை ஏதாவது சின்னதாக, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடக் கூடாது. எடையைக் குறைக்கிற பேச்சே அப்புறம்தான். காலையில் உட்கார்ந்து மூன்று இட்லி சாம்பாரோடு, முடிந்தால் ஒரு முட்டை. மத்தியானம் சோறு, பருப்பு, பொரியல், மோர். சாயந்திரம் குழந்தைகளோடு உட்கார்ந்து நீங்களும் ஒரு பஜ்ஜியோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிடுங்கள். எட்டு மணிக்கு எல்லாரோடும் ராச்சாப்பாடு. இதெல்லாம் சாப்பிட்டால் ஊதிவிடுவோமே என்று பயமாக இருக்கும். இப்போது பதினோரு மணிக்கு நின்றபடி தின்பதை ஒருநாள் எழுதிக் கூட்டிப் பாருங்கள், அந்தப் பயம் கொஞ்சம் குறையும்.

இனி உங்கள் கணவர். கெட்டவர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் அவர் இரண்டு விஷயங்களை ஒரே பையில் போட்டுக்கொண்டு அலைகிறார். ஒன்று சர்க்கரை நோய் பற்றிய கவலை. இன்னொன்று, நீங்கள் 54 கிலோவில் இருந்த மாதிரி இல்லையே என்ற ஏமாற்றம். இரண்டாவதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும்போதெல்லாம் முதலாவதை எடுத்து நீட்டுகிறார்.

சர்க்கரைக் கவலையில் நியாயம் இருக்கிறது. அம்மாவுக்கு இருந்தால் உங்களுக்கு வர வாய்ப்பு அதிகம். இந்தியர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே வருவதால்தான் இங்கே பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினால் உடல்பருமன் என்று வரையறை வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு 30 வருகிறது. அதை ஒன்றுமில்லை என்று நான் சொல்லப் போவதில்லை. பிஎம்ஐ என்ற கணக்கே 1830களில் பெல்ஜியத்து வானியலாளர் அடால்ஃப் கெட்லே 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று புள்ளிவிவரம் போடுவதற்காக உண்டாக்கியது. 1972இல் அதற்கு இந்தப் பெயரை வைத்தவர் ஆன்சல் கீஸ். மின்னசோட்டா பட்டினிச் சோதனையை நடத்தியவரும் அவரேதான். தனி ஒருவரின் உடம்பைப் பற்றி அது முழுக்கச் சொல்லிவிடாது. சர்க்கரையைப் பொறுத்தவரை இடுப்புச் சுற்றளவு இன்னும் தெளிவாகப் பேசும். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை.

ஆண்களுக்கும் எல்லை உண்டு என்பதைக் கவனியுங்கள். அவருக்குத் தொப்பை இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை, ஆண்களில் 37 பேர். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவனை மிஷினில் ஏற்றிக் காலண்டரில் குறித்து வைக்கிற மனைவியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அந்த வாராந்திர எடையால் மருத்துவ ரீதியாகவும் பெரிய லாபம் இல்லை. முந்தின நாள் உப்பு கூடினால், மாதவிடாய் நெருங்கினால், மலம் கட்டினால் ஒன்றிரண்டு கிலோ முன்னே பின்னே காட்டும். இதற்காகவா ஒரு மனுஷர் ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது? சர்க்கரைதான் கவலை என்றால் எச்பிஏ1சி என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடும். இரண்டு வருடமாக எடை பார்த்தவர் ஒருமுறையாவது உங்களை லேபுக்குக் கூட்டிப் போனாரா?

ஏமாற்றம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மனைவி உடம்பு மாறியது அவருக்கு வருத்தமாக இருந்தால், அப்படி வருத்தப்படக் கூடாது என்று யாரும் சட்டம் போட முடியாது. தனியாக, ஒருமுறை, மரியாதையாகச் சொன்னால் அது புருஷன் பெண்டாட்டி பேச்சு. நீங்களும் அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லலாம். வாரா வாரம் குறிப்பெடுப்பதும் சொந்தக்காரர்களைச் சிரிக்க வைப்பதும் அந்தக் கணக்கில் வராது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம், அவமதிப்பதையும் கேலி செய்வதையும் வாய்மொழி, உணர்வு ரீதியான வன்முறையில் சேர்த்திருக்கிறது. வழக்குப் போடச் சொல்லவில்லை. சபையில் சேர் ஜோக் அடிப்பவர் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அவரிடம் சண்டையாகப் போக வேண்டாம். குழந்தைகள் இல்லாத நேரமாகப் பார்த்து, "ஏங்க, அந்த மிஷினை எடுத்துப் பரண்ல போடுங்க. மூணு மாசத்துக்கு என் தட்டைப் பத்திப் பேசாதீங்க. நாளைக்கு ரெண்டு பேரும் போய் சுகர் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். ராத்திரி தின்பதையும் அவரிடம் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். அதற்கு அவர் காட்டும் முகத்தைப் பொறுத்து மேற்கொண்டு முடிவெடுக்கலாம். மறுத்தால் மகள் கேட்டதைச் சொல்லுங்கள். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பார்த்துக் கற்றுக்கொண்டது அது. அவளிடம் "இல்லடி, நீ ஒல்லிதான்" என்று பதில் சொல்லாதீர்கள், ஒல்லிதான் பரீட்சையில் பாஸ் என்று ஆகிவிடும். "வளர்ற புள்ள நீ, நல்லா சாப்பிடு, நல்லா விளையாடு" என்பது போதும். அவள் இருக்கும்போது உங்கள் கையையும் இடுப்பையும் நீங்களே திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள்.

ஒல்லியானால் எல்லாம் சரியாகிவிடுமா என்றீர்கள். 54 கிலோவில் நீங்கள் முழுக்கை ஜாக்கெட் தைத்ததாக உங்கள் கடிதமே சொல்கிறது. அதே 54ஐத்தான் மாமியார் பூஞ்சை என்றார்.

கடைசியாக ஊசி. செமாக்ளூடைட், டிர்செபடைட் இரண்டும் எடைக் குறைப்புக்கான வார ஊசியாக 2025இல் இந்தியாவுக்கு வந்துவிட்டன. பசியை மட்டுப்படுத்தும், பலருக்கு நன்றாகவே எடை இறங்குகிறது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரலாம். நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்புகிறது. குடும்பத்தில் சில வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் போடக் கூடாது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவும் கூடாது. தேவைப்படுகிறவர்களுக்கு நல்ல மருந்துதான். உங்களுக்குத் தேவையா என்பதை, ராத்திரி நடப்பதை முழுசாகக் கேட்ட ஒரு டாக்டரும் நீங்களும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். உங்கள் கணவர் விலை விசாரித்து வைத்திருக்கும் பணத்தில் முதலில் இரண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள், மிச்சம் நிறையவே இருக்கும்.

அன்புடன்,
அக்கா