ஆங்கிலக் கட்டுரையைத் திருத்தி எழுதி வரச் சொல்கிறார்கள். இலக்கணச் செயலியில் போட்டுச் சரிசெய்தும் ஏற்கவில்லை. எப்படித் திருத்துவது?

நீங்களும் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர் என்று நினைக்கிறேன். அப்படியானால் முதலில் அந்தச் செயலியை மூடி வையுங்கள். அது கமாவைப் பார்க்கும், எழுத்துப்பிழையைப் பார்க்கும். நீங்கள் என்ன சொல்ல வந்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

நான் கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பள்ளிப்படிப்பு தமிழில். பாலக்காட்டில் பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்தபோது வகுப்பில் பேச்சு மலையாளம், எழுதுவது ஆங்கிலம். அங்கே தமிழ்நாடும் கேரளாவும் ஆற்றுநீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். எங்கள் ஊர் வயல் தண்ணீர் விஷயம் என்பதால் ஆசையாக எழுதினேன். 1970இல் ஒப்பந்தம் கையெழுத்தானது, அதை 1958 நவம்பரிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாக வைத்தது, மணக்கடவு தடுப்பணையில் கேரளாவுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (நூறு கோடி கன அடி ஒரு டி.எம்.சி.) தண்ணீர் தர வேண்டும் என்பது என எல்லாம் வரிசையாக வந்தன. என் கருத்து கடைசிப் பத்தியில் இருந்தது: ஆண்டுக் கணக்கு நிறைந்தாலும், பயிருக்கு வேண்டிய நேரத்தில் எங்கள் ஆறான சித்தூர்ப்புழையில் தண்ணீர் இல்லாவிட்டால் விவசாயிக்குப் பயனில்லை.

ஆசிரியர் அந்த வரியை வட்டமிட்டு, ‘இது முதல் பத்தியில் வரட்டும்’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். இலக்கணத்தில் கை வைக்கவே இல்லை.

பள்ளியில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று படித்தோம். கருத்தை முடிவுரைக்கு வைத்திருப்போம். அது ஒரு முறை, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஆங்கிலக் கட்டுரையைத் திருத்துபவர், இந்தப் பிள்ளை எதை நிறுவப் போகிறது என்பதை முதல் பத்தியிலேயே தேடுவார்.

நான் செய்தது இதுதான். வட்டமிட்ட வரியை முதல் பத்திக்குக் கொண்டுபோனேன். பிறகு ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும், அது என்ன சொல்கிறது என்று பென்சிலால் தமிழில் ஒரே வரி எழுதினேன். அணைகளின் பெயர்களை அடுக்கிய பத்திக்கு எழுத எதுவும் வரவில்லை, அதை அப்படியே எடுத்துவிட்டேன். 1958, 1970 இரண்டும் ஒரே வாக்கியத்தில் அடங்கின. 7.25 மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது, ஏனென்றால் வாதமே அந்த எண்ணின் மேல்தான். ஓர வரிகளை மட்டும் மேலிருந்து கீழே படித்தபோது ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து வந்தது. திரும்பக் கொடுத்த கட்டுரையை ஆசிரியர் வகுப்பில் படித்துக் காட்டினார். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு.

‘ஆங்கிலத்திலேயே யோசித்தால்தான் ஆங்கிலம் வரும்’ என்று சிலர் கீழே எழுதுவார்கள், தெரியும். பேச்சுக்கு அது சரியாக இருக்கலாம். வாதம் நிற்கிறதா என்று சோதிக்க நமக்கு நன்றாகத் தெரிந்த மொழிதான் வேண்டும். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

வெட்கம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மேற்படிப்புக்குக் கோவை போனேன். அங்கே ஒரு கல்லூரியில் வெளிமாநிலத்தவர் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். பாலக்காட்டில் தமிழர், கோவையில் கேரளாக்காரர். 1956இல் மாநில எல்லைக் கோடு போட்டபோது எங்கள் சித்தூர் தாலுகா கேரளாவோடு போனது, அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் ஆறவில்லை.

சரி, வாக்கியத்துக்கு வருவோம். பத்திகள் நிலைத்த பிறகுதான் இது. ‘ஆல்தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் ‘பட்’ வந்தால் இரண்டில் ஒன்றை நீக்குங்கள். ரிசர்ச், எவிடென்ஸ், இன்ஃபர்மேஷன் ஆகியவற்றுக்குப் பன்மை ‘எஸ்’ கிடையாது. தமிழில் ஆர்ட்டிகிள் (எ, ஆன், தி) இல்லாததால் நம் கண் அதைத் தாண்டிப் போய்விடும். அதற்கென்றே தனியாக ஒருமுறை, பெயர்ச்சொற்களை மட்டும் பார்த்துக்கொண்டே படியுங்கள். அப்புறம் வேண்டுமானால் செயலியைத் திறக்கலாம். அது மாற்றச் சொல்லும் வாக்கியத்தில் உங்கள் பொருள் மாறுகிறது என்றால், தயங்காமல் உங்களுடையதையே வைத்துக்கொள்ளுங்கள்.