மூன்றரை மணிக்குக் கதவைத் திறக்கும் பிள்ளை

கேள்வி: எனக்கு வயது 27. மதுரை வில்லாபுரத்தில் அம்மாவுடன் இருக்கிறேன். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. பைபாஸ் ரோட்டில் ஒரு கடையில் சேல்ஸ்மேன் வேலை, காலை 10 மணிக்குப் போனால் போதும். இரண்டு வருடமாக ஆன்லைனில் நுழைவுக் கட்டணம் இல்லாத, போக்கர் என்ற சீட்டாட்ட டோர்னமென்ட் மட்டும் ஆடுகிறேன். கைக்காசு ஒரு ரூபாய்கூடப் போட்டதில்லை. வெளிநாட்டுத் தளம் என்பதால் நம் நேரப்படி இரவு பன்னிரண்டரைக்குத்தான் ஆரம்பிக்கும். 2,400 பேர் வரை சேருவார்கள். மொத்தப் பரிசு நம் பணத்தில் சுமார் 5,000 ரூபாய். முதல் நூறு பேருக்குள் பல தடவை வந்திருக்கிறேன், கடைசியாக மிஞ்சுகிறவர்கள் ஆடும் ஃபைனல் டேபிள் ஒரே ஒரு தடவைதான். இருப்பதிலேயே பெரிய கையான ஏஸ் ஜோடி கிடைத்தும் தோற்கிறேன், ஆட்டத்தில் ஏதாவது கோல்மாலா? காசே போடாமல் ஆரம்பித்துப் பத்தாயிரம் டாலர் சேர்த்தவர் இருக்கிறாராமே? வீட்டில் இதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. அம்மா பூ வியாபாரம். மூன்றரைக்கு அவர் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது நான் முழித்திருப்பதால் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பப் பூட்டிக்கொள்வேன், அவருக்கும் அது வசதிதான். பைக் டியூ தவிர வேறு கடன் இல்லை. நான் எங்கே தப்பு செய்கிறேன்? நல்ல உத்தி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, "கவலைப்படாதீர்கள், காசு போடாத வரை தப்பில்லை" என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. சீட்டாட்டம் விஷயமாக இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்கள் என்னிடம் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கிடக்கின்றன. பாதிக்கு மேல் மனைவிமார்களும் அம்மாக்களும் எழுதியவை. "முதலில் சும்மாதான் ஆடினான்" என்ற வரி இல்லாத கடிதம் அதில் அபூர்வம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு ஆட்டத்தைவிடப் பெரிதாகத் தெரிவது அந்தக் கதவு. அதற்கு அப்புறம் வருகிறேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் புத்திமதி மட்டும் கட்டிக் கொடுத்து அனுப்புவது எனக்குப் பிடிக்காது. என் அக்கா மகன் இந்த ஆட்டம் தெரிந்தவன். அவனை உட்காரவைத்து இரண்டு நாள் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

ஏஸ் ஜோடி தோற்பதற்குக் கோல்மால் எதுவும் தேவையில்லை. அந்த ஜோடி சராசரியாக 221 கைக்கு, அதாவது 221 தடவை சீட்டுப் போட்டால், ஒரு தடவைதான் வரும். எதிரில் ஒரே ஆள் நின்றால் நூற்றுக்கு 85 தடவை அது ஜெயிக்கும். நான்கு பேர் நின்றால் 56 ஆகக் குறையும். மேஜையில் உள்ள எட்டுப் பேரும் நின்றுவிட்டால் 35தான், அதாவது மூன்றில் இரண்டு தடவை தோல்வி. இலவச ஆட்டத்தின் முதல் அரை மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். யாருக்கும் இழக்க ஒன்றும் இல்லை. கையில் என்ன வந்தாலும் ஆல்-இன், அதாவது இருக்கிற சிப்ஸ் (ஆட்ட வில்லைகள்) முழுவதையும், போடுகிறார்கள், நாலைந்து பேர் கூடவே வருகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஏஸ் ஜோடியோடு போய் அடிவாங்கிவிட்டு ஆட்டத்தைக் குறை சொல்கிறீர்கள்.

ஆரம்பத்தில் ஒதுங்கியே இருங்கள். பிளைண்டு, அதாவது சீட்டுப் பார்க்குமுன் இரண்டு பேர் கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயம், சிறிதாக இருக்கும்போது அவசரமே கிடையாது. பெரிய ஜோடி, ஏஸ்-கிங் மாதிரியான கைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மடக்கி, அந்தக் கையிலிருந்து விலகிவிடுங்கள். நல்ல கை வந்தால் பந்தயத்தைத் தாராளமாக ஏற்றுங்கள், கூட வருகிறவர்கள் குறையட்டும். மற்றவர்களுக்கு அப்புறம் பேசும் இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது கொஞ்சம் கூடுதலாக ஆடலாம். பிளஃப் வேண்டவே வேண்டாம். மடக்கும் பழக்கமே இல்லாதவர்களிடம் பொய் சொல்லிப் பயனில்லை.

நீங்கள் அசலாகத் தப்பு செய்வது நடுவில். நூறு பேருக்குள் பல தடவை, ஃபைனல் டேபிள் ஒரு தடவை என்கிறீர்கள். பரிசு ஆரம்பிக்கும் இடமான பரிசுக் கோட்டைத் தாண்டினால் போதும் என்று வந்த கையை எல்லாம் மடக்கி மடக்கி ஊர்ந்து போகிறீர்கள் என்று அதிலிருந்தே தெரிகிறது. அதற்குள் பிளைண்டும், ஒவ்வொரு கைக்கும் எல்லோரும் போட வேண்டிய ஆன்டியும் ஏறி உங்கள் சிப்ஸை அரித்துவிடுகின்றன. கோட்டைத் தாண்டியபோது கையில் நாலு பிளைண்டு அளவுதான் மிச்சம், அடுத்த மோதலில் வெளியே. இரண்டு பிளைண்டில் பெரியதைப் போல் பத்து மடங்குக்குக் கீழே சிப்ஸ் இறங்கிவிட்டால் மற்றவர் வைத்த அளவுக்கே சும்மா வைத்து (கால் செய்து) எட்டிப் பார்க்கும் வேலை கூடாது. மடக்க வேண்டும், இல்லையென்றால் முழுவதையும் வைக்க வேண்டும். அதையும் நீங்கள் முதலில் வைக்க வேண்டும், அப்போதுதான் எதிராளி மடக்கிப்போகவும் வழி இருக்கும். பரிசுக் கோட்டுக்குச் சற்று முன்னால் எல்லோரும் பயந்து மடக்குவார்கள். கையில் சிப்ஸ் இருப்பவன் பிளைண்டையும் ஆன்டியையும் அள்ளுவது அங்கேதான். பரிசில் பெரும்பகுதி முதல் சில இடங்களுக்குப் போய்விடும். நூறாவது இடத்துக்கு என்ன கிடைத்தது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதும்படி இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

சரி, உத்தி சொல்லிவிட்டேன். இதை அப்படியே கடைப்பிடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுவோம். 5,000 ரூபாயை 2,400 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டு ரூபாய் எட்டுக் காசு. நீங்கள் மற்றவர்களைப் போல் மூன்று மடங்கு கெட்டிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். ஆறே கால் ரூபாய். மூன்று மணி நேரம் கண் முழித்ததற்கு ஒரு டீக்காசுகூட இல்லை.

பத்தாயிரம் டாலர் சேர்த்தவர் உண்மைதான். கிறிஸ் பெர்குசன் என்ற அமெரிக்கர். 2006-ல் பூஜ்யத்தில் ஆரம்பித்து அந்தத் தொகையைச் சேர்க்க அவருக்கு ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆனது. அவர் 2000-லேயே உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியை ஜெயித்தவர், கணினி அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அப்பேர்ப்பட்டவரே ஆரம்ப மாதங்களில் ஓரிரு டாலருக்குத் திண்டாடினார். கையிருப்பில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் ஒரு மேஜைக்குக் கொண்டுபோவதில்லை என்று தனக்குத்தானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார். நார்வேயைச் சேர்ந்த அனெட் ஓப்ரெஸ்டாட் என்ற பெண்ணும் 15 வயதில் இலவச ஆட்டத்தில் தொடங்கியவர்தான். 2007-ல், 19-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், லண்டனில் பெரிய பட்டம் ஜெயித்தார். இந்தக் கதைகளை உங்களிடம் சொன்னவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். இரண்டு பேருமே இலவச மேஜையில் கிடைத்த சில்லறையை எடுத்துக்கொண்டு காசு வைத்து ஆடும் மேஜைக்குப் போனவர்கள். பணம் அங்கே வந்தது.

அந்த வழி உங்களுக்குக் கிடையாது. 2025 ஆகஸ்டில் பார்லிமென்ட் கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்துக்கு ஆகஸ்ட் 22-ல் ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். பணம் கட்டி ஆடும் ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கு மூன்று வருடம் வரை ஜெயில், ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று அந்தச் சட்டம் பிரித்துப் பார்க்கவில்லை. ஆடுகிறவரைத் தண்டிக்கவும் இல்லை, நீங்களோ காசே கட்டவில்லை. ஆனால் ஒரு வெளிநாட்டுத் தளம் ராத்திரிதோறும் 2,400 பேருக்கு எதற்காகச் சும்மா ஆட்டம் நடத்துகிறது? இலவச மேஜை அவர்கள் வீட்டுத் திண்ணை. அங்கே உட்கார்ந்து பழகிய ஆளை ஒருநாள் உள்ளே கூப்பிடத்தான் போகிறார்கள். "500 ரூபாய் கட்டுங்கள், 1,000 ரூபாய் போனஸ்" என்று வரும். வந்த அன்றைக்கே ஆப்பை அழித்துவிடுங்கள். போன பணத்தைக் கேட்டு எந்த ஊர் ஸ்டேஷன் வாசலில் நிற்பீர்கள்?

இன்னொன்று. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு, காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை விதித்தது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. அந்த ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. உங்கள் ஆட்டம் இலவசம், அதற்குள் வராது. ஆனால் அந்த நேரத்தில் மனிதனுக்கு நிதானம் இருக்காது என்று தெரிந்துதான் விதி போட்டார்கள். நீங்கள் தினமும் உட்காருவது அதே நேரத்தில்.

இப்போது கதவு.

மூன்றரை மணிக்கு அம்மா கிளம்புகிறார், நீங்கள் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறக்கிறீர்கள், அவர் போனதும் பூட்டிவிட்டு மறுபடி போனை எடுத்துக்கொள்கிறீர்கள். இதை உதவி என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே பைக் டியூ வருகிறது. அந்த பைக் அப்போது எங்கே நிற்கிறது தம்பி? அதே வாசலில்தானே? அதைத் தாண்டித்தானே உங்கள் அம்மா இருட்டில் நடந்து போகிறார்?

வில்லாபுரம் ஊருக்குத் தெற்கே, பூ மார்க்கெட் இருக்கிற மாட்டுத்தாவணி வடகிழக்கே. அம்மா அங்கே எப்படிப் போகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மெயின் ரோடு வரை நடையா, ஷேர் ஆட்டோவா, திரும்பி வரும்போது சாக்கை யார் தூக்கி வைக்கிறார்கள், எதுவும் இல்லை. பிளைண்டு எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு ஆட்டோ எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று தெரியுமா? ரெண்டு வருடம்! அத்தனை ராத்திரியும் கண் முழித்திருந்த ஒரு ஆண்பிள்ளை, பைக் சாவி கையில் இருந்தும், அம்மாவைத் தனியாக அனுப்பிவிட்டு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். தூங்கிப்போயிருந்தால்கூட நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். உழைத்துக் களைத்துத் தூங்குகிற பிள்ளையை எழுப்ப எந்த அம்மாவுக்கும் மனசு வராது. நீங்கள் தூங்கவில்லையே.

"அவருக்கும் வசதிதான்" என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். அவர் உங்களிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். புருஷன் போன பிறகு, இருக்கிற ஒரு பிள்ளையிடம் சண்டை எதற்கு என்று பேசாமல் போகிறார். எங்கள் வீட்டிலும் கதவு இருந்தது. என் அப்பா மன்றத்தில் சீட்டாடிவிட்டு விடியற்காலையில் வருவார், அம்மா மாவாட்டிக்கொண்டிருப்பாள். எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறந்தது எட்டு வயதுப் பிள்ளையான நான். அம்மா ஒருநாள்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த மௌனம் சம்மதம் என்றுதான் அப்பா கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தார்.

உங்கள் கடிதம் வந்த வாரம் விடியுமுன் மாட்டுத்தாவணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஈரச் சாக்கு மேல் மல்லி மொட்டு குவிந்து கிடக்கிறது. உங்கள் அம்மா வயதில் ஒருவர் ஒரு பிடி அள்ளி, விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். மொட்டு இறுக்கமாக இருக்கிறதா, சாயங்காலம் வரை தாங்குமா என்று. விலை கேட்டார், கீழே போட்டார், நடந்தார். மூன்று கடை தள்ளிப் போய்த் திரும்பி வந்து, மல்லியைப் பாதியாகக் குறைத்து மீதிக்குக் கனகாம்பரமும் அரளியும் வாங்கினார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கிலோ ஆயிரத்தைத் தாண்டும், வரத்து கூடினால் சில நூறுக்கு இறங்கிவிடும். மார்கழி, தை பனியில் பூ வரத்தே குறையும். நாளைக்கு வெள்ளிக்கிழமையா, அமாவாசையா, மழை வருமா, எல்லாவற்றையும் யோசித்துக் கைக்காசை எண்ணி வைக்கிறார்கள். சாயங்காலம் மொட்டு விரிந்த பிறகு மிஞ்சியது குப்பை. எப்போது எடுக்க வேண்டும், எப்போது விட்டு நகர வேண்டும் என்று இரண்டு வருடமாக 2,400 முகம் தெரியாத ஆட்களிடம் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதை நன்றாகத் தெரிந்தவர் உங்கள் வீட்டிலிருந்து தினமும் மூன்றரைக்குக் கிளம்பிப் போகிறார். ஒருநாளாவது கூடப் போயிருக்கிறீர்களா?

பிள்ளை சம்பளம் கொண்டுவருவதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறவள் இல்லை நான். வேலை 10 மணிக்குத்தான். மார்க்கெட்டுக்குப் போய்விட்டு ஆறு, ஆறரைக்குத் திரும்பினாலும் குளித்துச் சாப்பிட நேரம் இருக்கிறது. ராத்திரி ஒன்பதரைக்குப் படுங்கள், மூன்று மணிக்கு அலாரம் வையுங்கள். அப்படிப் படுத்தால் பன்னிரண்டரை ஆட்டம் தானாகப் போய்விடும், அதற்கென்று தனி வைராக்கியம் தேவைப்படாது. ஞாயிற்றுக்கிழமை பகலில் ஏதாவது ஆட்டம் இருந்தால், அம்மா பூக்கட்டி முடித்த பிறகு, மேலே சொன்னபடி ஆடிப் பாருங்கள். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

இன்றைக்கே பைக்கின் பின்சீட்டுக் கம்பியில் ஒரு நல்ல ரப்பர் கயிறு மாட்டி வையுங்கள், சாக்கு சரியாமல் இருக்கும். அம்மாவுக்கு ஒரு ஹெல்மெட் வாங்குங்கள். முதல் நாள் "எதற்குப்பா, நீ தூங்கு" என்பார். பதில் பேசாமல் வண்டியை வெளியே எடுத்து நிறுத்துங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். எத்தனையாவது இடம் வந்தீர்கள் என்பது வேண்டாம். எந்தெந்த நாளில் அம்மா மல்லியை எடுக்காமல் திரும்பினார், ஏன் எடுக்கவில்லை என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள்.