தள்ளாடுகிற குட்டியும் கண்ணில்லாத குட்டியும்

அன்புள்ள அண்ணனுக்கு,

போன ஐப்பசியில் எங்கள் பங்காளி வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறந்தபோது, உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு பூனை நாலு குட்டி போட்டிருந்தது. வெள்ளையடிக்க வந்தவர்கள் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையில் விடப் பார்த்தார்கள். நான் தூக்கி வந்துவிட்டேன். இரண்டுக்கு உடனே வீடு கிடைத்தது, இரண்டு நிற்கின்றன. ஒன்று பிறந்ததிலிருந்தே தலை ஆடி, தள்ளாடித் தள்ளாடி நடக்கிறது. இன்னொன்றுக்குச் சளி முற்றி இரண்டு கண்ணும் போய், டாக்டர் எடுத்துவிட்டுத் தைத்துவிட்டார். வருகிறவர்கள் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். குறையைச் சொல்லாமல் நல்ல படமாகப் போடு, பழகிவிட்டால் யாரும் திருப்பித் தரமாட்டார்கள் என்கிறாள் தோழி. ஊசி போட்டுவிடுவதே புண்ணியம் என்கிறார் அப்பச்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பெயர் வேண்டாம், காரைக்குடி

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஊசிப் பேச்சை முதலில் முடித்துவிடலாம். தாய்ப்பூனை சினையாக இருக்கும்போது பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் தொற்றினால், வயிற்றிலிருக்கும் குட்டியின் சிறுமூளை சரியாக வளராமல் போகும். உடம்பை நிதானமாக நிறுத்துகிற பகுதி அது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதுவாகத்தான் தெரிகிறது, டாக்டரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதில் வலி கிடையாது, நாளாக நாளாக முற்றவும் செய்யாது. மற்றப் பூனைகளுக்கு உள்ள ஆயுசு அதற்கும் உண்டு. மீள வழியில்லாமல் வலியில் துடித்த பூனைகளுக்கு ஊசி போட நானே இரண்டு தடவை சம்மதித்திருக்கிறேன். நடை கோணல் என்பதற்காகப் போடுவது அக்கிரமம். அப்பச்சியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. மூன்று தலைமுறை நடந்து தேய்த்த ஆத்தங்குடிக் கல், கண்ணாடி மாதிரி வழுக்கும். நாலு காலையும் பரத்திக்கொண்டு வழுக்கிப்போய் வளவுத் தூணில் முட்டி நிற்கும். அரிசிச் சாக்குகளைப் பிரித்து, முகப்பிலிருந்து அடுப்படி வரை ஒரு பாதையாக விரித்தேன். ஒரு வாரத்தில் அந்தப் பாதையில் ஓட ஆரம்பித்துவிட்டது, சாக்கு முடிகிற இடம் வந்ததும் நின்று யோசிக்கும். தட்டில் வைத்தால் தலை இடித்துக் கவிழ்ந்துவிடும் என்று ஆயாவின் கல்சட்டியில் சோறும் மீனும் பிசைந்து வைத்தோம். அது வெளிக்குப் போகிற மண்தொட்டிக்கு உயரமான பிளாஸ்டிக் தொட்டி வாங்கி, ஒரு பக்கம் மட்டும் வாசல் மாதிரி வெட்டிவிடுங்கள். உட்காரும்போது சாய்ந்துகொள்ளச் சுவர் வேண்டும் அதற்கு.

கண்ணில்லாதது இன்னும் சுலபம். மீசையும் காதும் போதும், நாலு நாளில் வீடு மனப்பாடம் ஆகிவிடும். சாமானை இடம் மாற்றாமல், தொடுவதற்கு முன் குரல் கொடுத்தால் சரி. நம் வீடுகளில் பயப்பட வேண்டியது மாடிப்படிக்கும் கிணற்றுக்கும்தான். வெளியே விடவே கூடாது.

அப்புறம் உங்கள் தோழியின் யோசனை. படம் பார்த்து வந்தவருக்கு வாசலிலேயே தெரிந்துவிடும், அதனால் அது நடக்காத காரியம். ஆனால் குறையை ஒளிக்காமலேயே நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன். கண்ணில்லாத ஒரு பூனைக்கு வீடு தேடி உருகி உருகி எழுதினேன். இருட்டு, தனிமை, யாருமில்லை என்றெல்லாம். ஏகப்பட்ட போன். வெளியூரிலிருந்து ஒரு குடும்பமே காரில் வந்து, அழுது, எடுத்துப் போனது. ஒன்பதாம் நாள் அட்டைப்பெட்டியில் திரும்பி வந்தது, உள்ளே போட்டிருந்த துண்டு மூத்திரத்தில் ஊறியிருந்தது. "ராத்திரியெல்லாம் கத்துதுங்க, பாக்கவே பாவமா இருக்கு." அவர்களைக் குறை சொல்ல முடியாது. சோகமான பூனை ஒன்றுக்கு ஆசைப்பட்டு வந்தார்கள், நானும் அப்படித்தான் விற்றேன். கிடைத்ததோ நடுராத்திரியில் திரைச்சீலையில் ஏறுகிற பூனை.

இரண்டாம் தடவை இப்படி எழுதினேன்: "கண் இரண்டும் இல்லை. நெத்திலி வாசனைக்கு எழுந்து நிற்கும். ராத்திரி ஒரு மணிக்கு ஓடும். நாற்காலியை நகர்த்தினால் இரண்டு நாள் முட்டிக்கொள்ளும். நாய் உள்ள வீடு வேண்டாம்." இரண்டே போன் வந்தது. அதில் ஒருவர் அனுதாபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. மாடிப்படிக்கு மூன்றடிக் கதவு போட்டால் தாண்டுமா என்று கேட்டார். அவரிடம் கொடுத்தேன்.

ஆகவே வீடியோ போடுங்கள். தள்ளாடி விழுவது, எழுவது, கல்சட்டியில் தின்பது எல்லாம் இருக்கட்டும். அழுகிறவரை விட்டுவிட்டு, செலவு எவ்வளவு, மண் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேட்கிறவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். இரண்டு தடவை வந்து பார்க்கச் சொல்லுங்கள். தடுப்பூசியும் கருத்தடையும் முடித்தே கொடுங்கள். முடியவில்லை என்றால் என்னிடமே கொண்டுவாருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சல் என்று பாரசிட்டமால் மட்டும் யாரும் கொடுத்துவிடக் கூடாது, பூனைக்கு அது விஷம்.

சாக்குக்காரர்கள் அடுத்த முறை வந்தால், விலங்கைப் பட்டினியில் தவிக்க விட்டுப் போவது 1960ஆம் வருஷ விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று சொல்லிப் பாருங்கள். கேட்பார்களா தெரியாது, எனக்கு ஒரு தடவை பலித்தது.

சரி, தாய்ப்பூனை எங்கே? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கல்யாணம் முடிந்து வீட்டைப் பூட்டியிருப்பார்கள், அது ஓட்டு வழியாக உள்ளே போயிருக்கும். பூனைக்குச் சினைக்காலம் இரண்டு மாதம்தான். அதைப் பிடித்துக் கருத்தடை செய்யாவிட்டால் இரண்டாம் கட்டில் அடுத்த ஈற்று. சாவி எந்தப் பங்காளியிடம் இருக்கிறது என்று விசாரித்து எழுதுங்கள், கூண்டு என்னிடம் இருக்கிறது.