ஒலிம்பிக்கில் இல்லாத கயிறிழுத்தலைக் கழகத்தில் பழக்கலாமா?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சிறிய விளையாட்டுக் கழகம் எங்களுடையது. சித்திரை விளையாட்டு விழாவுக்குக் கயிறிழுத்தல் அணி ஒன்று சேர்த்திருக்கிறோம். "ஒலிம்பிக்கிலேயே எடுத்துவிட்ட விளையாட்டு, இதில ஏன் மினக்கெடுறியள்?" என்று சிலர் கேட்கிறார்கள். தொடர்ந்து பழக்கலாமா? என்ன கயிறு வாங்குவது?

பதில்: தாராளமாகப் பழக்குங்கள். கயிறிழுத்தல் 1900 பாரிஸ் முதல் 1920 அன்ட்வேர்ப் வரை ஒலிம்பிக்கில் இருந்தது, அதுவும் ஓட்டம், பாய்தலோடு சேர்ந்த மெய்வல்லுநர் நிகழ்ச்சியாக. எடுத்துவிட்டது விளையாட்டு மட்டமானது என்பதற்காக அல்ல. 1912 ஸ்டொக்ஹோமில் ஐந்து அணிகள் பெயர் கொடுத்தன, மூன்று வரவில்லை. சுவீடனும் பிரித்தானியாவும் மோதிய ஒரே போட்டியோடு தங்கம் முடிவானது. இந்த விளையாட்டுக்கென்று உலகச் சம்மேளனம் அமைந்ததே 1960 இல்தான். தனக்காகப் பேச அமைப்பு இல்லாத விளையாட்டு பட்டியலில் நிலைப்பது கடினம் என்பதே என் கணிப்பு. இன்று அதற்கு உலகச் சம்பியன் போட்டிகள் உண்டு. ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுகளுக்காக 1981 இல் தொடங்கிய உலக விளையாட்டுப் போட்டிகளிலும் இடம் உண்டு.

கயிறுதான் முக்கியம். முல்லைத்தீவுக் கரையில் மலிவாகக் கிடைக்கிறது என்று கடற்றொழில் நைலோன் கயிற்றைக் கொண்டு வந்துவிடாதீர்கள். நைலோன் இழுபடும், அறுந்தால் அந்த இழுவிசை முழுவதோடும் திருப்பி அடிக்கும். 1997 இல் தாய்வானின் தாய்பேயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இழுத்த நைலோன் கயிறு அறுந்து, இரண்டு பேருக்குக் கை துண்டாகிப் போனது. அவ்வளவாக இழுபடாத மணிலாக் கயிறு வாங்குங்கள். சுற்றளவு 10 முதல் 12.5 சென்ரிமீற்றர், நீளம் குறைந்தது 33.5 மீற்றர் என்பது உலக விதி. நைந்த இடம் ஒன்று கண்டாலும் அந்தக் கயிற்றை ஒதுக்கிவிடுங்கள். கையில் சுற்றிப் பிடிப்பதை ஒருநாளும் அனுமதிக்க வேண்டாம். எங்கள் பிள்ளைகள் அதிகம் செய்யும் பிழை இதுதான், விரல் போய்விடும். கடைசியில் நிற்பவர்கூடக் கயிற்றை இடுப்பில் கட்டக்கூடாது. ஒரு கக்கத்தின் கீழாக எடுத்து, முதுகின் குறுக்காக மறுதோளுக்கு மேலால் விடவேண்டும்.

அடுத்தது நிறை. ஓர் அணிக்கு எட்டுப் பேர். ஆளைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் பிரிக்காமல், எட்டுப் பேரின் மொத்த நிறையைக் கணக்கெடுங்கள். 560, 640 கிலோ என்று உலகப் போட்டிகளில் பிரிவுகள் இருப்பது அதற்காகத்தான். நெல் நிறுக்கும் தராசு ஊரில் இருக்கும், அது போதும். அப்படிச் செய்தால் மெலிந்த பிள்ளைகளுக்கும் அணியில் இடம் கிடைக்கும். எனக்கு இந்த விளையாட்டு பிடித்ததே அதனால்தான்.

காலணியையும் முதலே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். 1908 லண்டனில் லிவர்பூல் பொலிஸ் அணி பாரமான சப்பாத்தோடு இழுத்தது என்று முறைப்பாடு செய்த அமெரிக்க அணி, முதல் இழுப்பில் தோற்றதும் விலகிக்கொண்டது. வெறுங்கால் என்றால் இரு பக்கமும் வெறுங்கால்தான்.

கயிற்றின் நடுவில் ஓர் அடையாளமும், அதிலிருந்து இரு பக்கமும் 4 மீற்றரில் ஒவ்வோர் அடையாளமும் இடுங்கள். நான்கு மீற்றர் இழுத்த அணிக்கு அந்த இழுப்பில் வெற்றி, மூன்று இழுப்பில் இரண்டை எடுக்கவேண்டும். வேண்டுமென்றே நிலத்தில் இருப்பதும், தொடங்க முன் குதியால் குழி தோண்டுவதும் பிழை. பயிற்சியில் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் அடி வைக்கப் பழக்குங்கள். எடுத்த எடுப்பில் வெட்டி இழுக்கும் அணி பெரும்பாலும் களைத்துத் தோற்கும். பணிந்து சாய்ந்து பிடித்து நிற்கத் தெரிந்த அணி வெல்லும்.

கையோடு நின்று நீளம் பாய்தலையும் விழாவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் 1912 வரை ஒலிம்பிக்கில் இருந்ததுதான். சிறுவயதில் போலியோ வந்த ரே யூரி என்ற அமெரிக்கர், நின்ற இடத்திலிருந்து பாயும் போட்டிகளில் மட்டும் 1900, 1904, 1908 ஒலிம்பிக்குகளில் எட்டுத் தங்கம் எடுத்தார். 1904 இல் நின்று நீளம் பாய்தலில் அவர் பாய்ந்தது 3.47 மீற்றர். ஓடுபாதை தேவையில்லை, கொஞ்ச மணலும் அளவு நாடாவும் இருந்தால் நாளைக்கே தொடங்கலாம்.