கஜானாவும் கப்பலும்: வணிகவாதம் பற்றிய வாசகர் கேள்விகள்

கே: ஐரோப்பிய அரசர்கள் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் அப்படி அலைந்தது வெறும் பேராசையா?

ப: பேராசை இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களை விரட்டியது போர்ச் செலவு. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் எங்காவது சண்டை நடக்காத ஆண்டு அபூர்வம். கூலிப்படைக்குக் கையில் காசு கொடுக்க வேண்டும். சம்பளம் நின்றால் என்ன ஆகும்? 1576-இல் பாக்கி விழுந்த ஸ்பானியப் படையினர், தங்கள் அரசரின் ஆளுகையிலேயே இருந்த ஆன்ட்வெர்ப் நகரைச் சூறையாடினார்கள். சுரங்கம் இல்லாத நாட்டுக்கு வெள்ளி வர வேண்டுமென்றால் கொள்ளையடிக்க வேண்டும், இல்லையேல் வாங்குவதைவிட அதிகமாக விற்க வேண்டும். இந்த இரண்டாவது வழிதான் வணிகவாதம் என்ற கொள்கையானது.

கே: தென் அமெரிக்காவின் பொத்தோசி வெள்ளி மலையே கையில் இருந்தும் ஸ்பெயின் ஏன் நொடித்தது?

ப: வெள்ளி செவில் துறைமுகத்தில் இறங்கும் முன்பே கடன்காரர்களுக்கு எழுதிவைக்கப்பட்டிருக்கும். ஸ்பெயின் அரசர் இரண்டாம் ஃபிலிப் 1557, 1575, 1596 ஆகிய ஆண்டுகளில் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தார். பிரான்ஸின் நிதியமைச்சர் கோல்பேர் போனது வேறு வழி: வெளியே வாங்கும் சரக்கை உள்நாட்டிலேயே செய்வது. வெனிஸிலிருந்து கண்ணாடித் தொழிலாளர்களை ரகசியமாக வரவழைத்து 1665-இல் பட்டறை தொடங்கினார். வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபம் அந்தப் பட்டறைச் சரக்குதான்.

கே: வணிகவாதத்தைச் சாடிப் பொருளியலாளர் ஆடம் ஸ்மித் எழுதியதும் இதெல்லாம் ஒழிந்துவிட்டதா?

ப: எங்கே! அவர் நூல் 1776-இல் வந்தது. சரக்குப் போக்குவரத்தைப் பெரும்பாலும் தன் நாட்டுக் கப்பல்களுக்கே ஒதுக்கிய பிரிட்டனின் கப்பல் சட்டங்கள் நீங்கியது 1849-இல். நாட்டின் பாதுகாப்புக்காக அந்தச் சட்டங்களை ஸ்மித்தே ஆதரித்தார் என்பது பலருக்குத் தெரியாது.

கே: நம் சோழமண்டலத் துணிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ப: நேரடித் தொடர்பு. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளியைக் கொண்டுவந்து கொட்டித்தான் இங்கே துணி வாங்கியது. நாட்டு வெள்ளி வெளியே போகிறதே என்று லண்டனில் ஒரே கூச்சல். வாங்கிய சரக்கைப் பிற நாடுகளில் விற்றால் போனதைவிட அதிகம் திரும்பி வரும் என்றார் கம்பெனி இயக்குநர் தாமஸ் மன். கெட்டிக்கார வாதம்தான், ஆனால் அவர் கம்பெனிக்காரர் என்பதையும் மறக்கக் கூடாது. இங்கிலாந்து நெசவாளர்கள் சமாதானமாகவில்லை. 1719-இல் அச்சுப் பருத்தி உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்து ஆடையைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள். 1721 சட்டம் அத்துணியை இங்கிலாந்தில் விற்கவும் உடுத்தவும் பெரும்பாலும் தடை விதித்தது. மறு ஏற்றுமதிக்கு மட்டும் தடையில்லை. இந்தியத் துணி லண்டன் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே அடிமைகளை வாங்கக் கொடுக்கப்பட்டது.