நைட் கார்டு: 400 ரூபாயா, 6,000 ரூபாயா? தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்கான கேள்வி-பதில்

கேள்வி: தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக வீட்டில் சொல்கிறார்கள். காலையில் காதுக்கு முன்னால் தாடை கனக்கிறது. பல் மருத்துவர் நைட் கார்டு போடச் சொல்லி 6,000 ரூபாய் கேட்கிறார். ஆன்லைனில் 400 ரூபாய்க்கே கிடைக்கிறதே, எதை வாங்குவது?

நைட் கார்டு என்பது தூங்கும்போது பல் வரிசையின் மேல் மாட்டிக்கொள்ளும் உறை. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், பொருள் வேறு. ஆன்லைனில் கிடைப்பது பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்ற மெத்தென்ற பிளாஸ்டிக். ஸ்போர்ட்ஸ் ஷூவின் அடிப்பாகத்தில் வருவதும் இதே வகைதான். வெந்நீரில் போட்டால் இளகும், வாயில் வைத்துக் கடித்தால் பல்லின் அச்சு பதியும். மருத்துவர் சொல்வது பெரும்பாலும் கெட்டி அக்ரிலிக்காக இருக்கும். பல் செட்டில் ஈறு நிறத்தில் தெரிகிற பகுதியைச் செய்வதும் அக்ரிலிக்கில்தான். உங்கள் வாயில் அளவு எடுத்து, அதை வைத்து அச்சு வார்த்து, உங்கள் கடிக்கு ஏற்பத் தேய்த்துக் கொடுப்பார்கள்.

இரண்டில் எதை வாங்கினாலும் பல் கடிக்கும் பழக்கம் நிற்காது. பல் தேய்வதற்குப் பதிலாகக் கார்டு தேயும், அவ்வளவுதான். சிலருக்குக் காலை நேர வலி குறையலாம். ‘பல் கடிப்பதை முற்றிலும் குணப்படுத்தும்’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள்.

மெத்தென்ற கார்டில் இரண்டு சிக்கல். பலமாகக் கடிப்பவர்களுக்குச் சில வாரங்களிலேயே கடைவாய்ப் பக்கம் நைந்து ஓட்டை விழும். இன்னொன்று, வாயில் மெத்தென்ற ஒரு பொருள் இருந்தால் சிலருக்கு அதை மென்றுகொண்டே இருக்கத் தோன்றும். அப்படிப்பட்டவர்களுக்குத் தாடை வலி குறைவதற்குப் பதில் கூடிவிடுகிறது. ஆனாலும் அதை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. வாயில் ஒன்றை வைத்துக்கொண்டு தூங்க முடிகிறதா என்று பார்க்கவும், மருத்துவரிடம் போகும் வரை இரண்டு மூன்று வாரம் ஓட்டவும் அது போதும். பல வருடப் பழக்கமாக இருந்து, பல் தட்டையாகத் தேய்ந்தோ, அடைத்த சொத்தை பெயர்ந்தோ, பல்லில் விரிசல் விட்டோ இருந்தால் கெட்டி கார்டுதான் சரி. அந்தப் பல்லுக்குப் பின்னாளில் ரூட் கேனால் செய்து கேப் போட ஆகும் செலவோடு ஒப்பிட்டால் 6,000 ரூபாய் பெரிதல்ல.

விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்கக் கூடாதவை மூன்று. முன்பல் நான்கைந்தை மட்டும் மூடும் சிறிய கார்டு, இரண்டு கடைவாயில் மட்டும் செருகும் துண்டு: இந்த இரண்டிலும் மூடாமல் விட்ட பற்களுக்கு எதிரில் தாங்கல் இல்லாமல் போகிறது. மாதக்கணக்கில் போட்டால் அவை மெல்ல எழும்பி வந்து, கார்டைக் கழற்றிய பிறகும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பழையபடி சேராது. அதைச் சரிசெய்ய கிளிப் போடும் அளவுக்குப் போகலாம். மூன்றாவது, குத்துச்சண்டைக்கும் ஹாக்கிக்கும் போடும் விளையாட்டு கார்டு. அடியைத் தாங்கச் செய்த அந்தத் தடித்த உறையை இரவு முழுவதும் வைத்திருக்க முடியாது.

மருத்துவரிடம் பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள். கெட்டியா, மெத்தென்றதா, அல்லது உள்ளே மெத்தென்றும் வெளியே கெட்டியாகவும் இருக்கும் இரட்டை அடுக்கா? ஒரு வரிசைப் பல் முழுவதையும் மூடுமா? மேலுக்கா, கீழுக்கா? கனம் எவ்வளவு? கெட்டி கார்டு கடைவாயில் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் இருப்பது வழக்கம். போட்ட பிறகு எத்தனை முறை தேய்த்துச் சரிசெய்வது இந்தத் தொகைக்குள் அடங்கும்? எத்தனை மாதத்துக்குள் உடைந்தால் திரும்பச் செய்து தருவார்கள்? பதில்களை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சொத்தை அடைப்பது, கேப் போடுவது போன்ற வேலைகள் பாக்கி இருந்தால் அவற்றை முடித்த பிறகே அளவு கொடுங்கள். ஒரே ஒரு கேப் புதிதாக ஏறினாலும் பழைய அளவில் செய்த கார்டு உட்காராது. பணத்தை வீணாக்கும் தவறுகளில் இதுதான் முதலிடம்.

கார்டைக் கொடுக்கும் நாளில் அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள். மருத்துவர் ஒரு மெல்லிய நீலத் தாளைப் பற்களுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொல்வார். கார்டின் மேல் நீலப் புள்ளிகள் விழும். வலது, இடது இரண்டு கடைவாயிலும் புள்ளிகள் ஒரே மாதிரி விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடர்த்தியாக விழுந்தால் அந்த இடத்தைத் தேய்த்து, மறுபடி தாளை வைத்துப் பார்க்க வேண்டும். 400 ரூபாய்க் கார்டில் கிடைக்காதது இந்த வேலைதான். தாளே வைக்காமல் ‘சரியாக இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள்’ என்றால் நீங்களே கேளுங்கள். பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி காட்ட வேண்டும்.

தொகை கட்டுப்படியாகாதவர்கள் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை மூன்று ஊர்களிலும் இருக்கின்றன. செயற்கைப்பல் பிரிவில் கேட்க வேண்டும். இரண்டு மூன்று முறை போகவேண்டி வரும் என்பதால் காலையிலேயே போய்ச் சீட்டுப் போடுங்கள்.

கேள்வி: வெந்நீரில் போடும் கார்டை வாங்கிவிட்டேன். இரவில் கழன்று விழுகிறது. ‘வாயில் வைத்த பொருள், திருப்பி எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

முதலில் அதைச் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலான கார்டுகளை ஒன்றிரண்டு முறை மறுபடி இளக்கலாம். எத்தனை முறை என்று பெட்டியில் போட்டிருக்கும்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்குங்கள். பெட்டியில் சொன்ன நொடிக்கணக்கை மீறாமல் கார்டை அதில் அமிழ்த்தி, ஓட்டைக் கரண்டியால் எடுத்து, வாய் சுடாத அளவுக்குச் சாதாரண தண்ணீரில் ஒரு விநாடி காட்டுங்கள். கண்ணாடி முன் நின்று, நடுக்கோடு முன்பல் நடுவில் வரும்படி வையுங்கள். இனிமேல்தான் பலர் தவறு செய்கிறார்கள்: பலமாகக் கடித்துவிடுகிறார்கள். அப்படிக் கடித்தால் கடைவாய்ப் பக்கம் காகிதம் போல மெலிந்துவிடும், ஓரங்கள் பல்லை விட்டு விரியும். மெதுவாகக் கடித்தால் போதும். அச்சு பதிய வேண்டியது பல்லின் பக்கவாட்டில். கன்னத்துக்கு மேலிருந்து விரலால் ஈறு வரை அழுத்துங்கள், உள்பக்கம் நாக்கால் தள்ளுங்கள், காற்றை உறிஞ்சுங்கள். அரை நிமிடம் கழித்து எடுத்துக் குளிர்ந்த நீரில் போடுங்கள். பின்நுனி தொண்டைப் பக்கம் இடித்துக் குமட்டினால் கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். கடைசிப் பல்லையே விட்டுவிடும் அளவுக்கு வெட்டிவிடாதீர்கள். ஆடும் பல் இருப்பவர்களும் கிளிப் போட்டிருப்பவர்களும் இதைச் செய்யவே கூடாது.

இனி பணம். நீங்கள் இளக்கிக் கடித்த பிறகு வடிவம் சரியாக வரவில்லை என்பது மட்டும் காரணமானால் உங்கள் பக்கம் வலு குறைவு. ஆனால் பெட்டியில் சொன்னபடி இளகவில்லை, உடைந்து வந்தது, விளம்பரத்தில் காட்டிய அளவு வேறு என்றால் அது குறையுள்ள பொருள். ‘திருப்பி எடுக்க மாட்டோம்’ என்ற வாசகம் குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக முறை என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. இணைய விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போதே படம் எடுத்து வையுங்கள். தளத்தில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

கேள்வி: கிளினிக்கில் 7,000 ரூபாய் கொடுத்துச் செய்த கார்டு. காலையில் கழற்றினால் பல் சரியாகச் சேராதது போல் இருக்கிறது. மூன்றாம் மாதம் விரிசல் விட்டது. புதிதாகச் செய்ய மறுபடி முழுப் பணம் கேட்கிறார்கள்.

கழற்றிய சில நிமிடங்கள் கடி வித்தியாசமாகத் தெரிவது இயல்புதான். காலை உணவு வரை நீடித்தாலோ, ஒரு பல் மட்டும் முதலில் இடித்தாலோ கார்டு சமமாக இல்லை. அன்றிரவிலிருந்தே அதைப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

விரிசல் எங்கே என்று பாருங்கள். நீங்கள் கடித்துத் தேய்த்த பளபளப்பான தடத்தின் நடுவில் விட்டிருந்தால், அந்த இடம் மெலிந்திருக்கலாம் அல்லது ஒரே புள்ளியில் சுமை விழுந்திருக்கலாம். செய்முறைக் குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். கீழே விழுந்தோ, வெந்நீரில் கழுவி வளைந்தோ விரிந்திருந்தால் கிளினிக்கைக் குறை சொல்ல முடியாது. சிறு விரிசலை அக்ரிலிக் வைத்து ஒட்டவும் முடியும். அதைக் கேளுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு தரும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. முதலில் கிளினிக்குக்குக் கடிதமோ மின்னஞ்சலோ எழுதி 15 நாள் அவகாசம் கொடுங்கள். தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் கிளினிக்குக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ரசீதும் உடைந்த கார்டும் கையில் இருக்க வேண்டும். கார்டை அவர்களிடம் விட்டுவிட்டு வராதீர்கள்.

கேள்வி: ஆறு வயதுக் குழந்தை இரவெல்லாம் பல் கடிக்கிறது. வயிற்றில் பூச்சி என்கிறார்கள். சின்ன சைஸ் கார்டு வாங்கலாமா?

வாங்க வேண்டாம். பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் வயது. கார்டு போட்டால் பல்லும் தாடையும் வளர்வதற்கு அது தடையாகும். இந்த வயதில் பல் கடிப்பது சகஜம், பெரும்பாலானவர்களுக்குத் தானே நின்றுவிடும். பூச்சியால்தான் கடிக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பூச்சி மருந்து கொடுப்பது வேறு காரணங்களுக்கு நல்லதுதான். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாள்களை ஒட்டி அல்பெண்டசோல் இலவசமாகவே கொடுக்கிறார்கள். குழந்தை குறட்டை விட்டாலோ, வாயால் மூச்சு விட்டாலோ டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் வீங்கியிருக்கிறதா என்று காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தச் செலவுதான் இங்கே அவசியம்.

கேள்வி: கார்டு சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வலி போகவில்லை. போட்டக்ஸ் ஊசி, மெக்னீசியம் மாத்திரை என்கிறார்களே?

மெக்னீசியத்தால் பல் கடிப்பது குறையும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. போட்டக்ஸ் தாடைத் தசையைத் தளர்த்தும், ஆனால் மூன்று நான்கு மாதத்தில் விட்டுப்போகும், மறுபடி போட வேண்டும். மற்றவை எல்லாம் பார்த்த பிறகு யோசிக்க வேண்டிய செலவு அது. கடியைச் சரிசெய்கிறோம் என்று உங்கள் சொந்தப் பல்லையே ராவச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ராவிய பல் திரும்ப வராது.

பகலில் என்ன செய்கிறீர்கள் என்று கவனியுங்கள். கணினி முன்னாலும் வண்டி ஓட்டும்போதும் பலர் பல்லை இறுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது. ‘ன’ என்று சொல்லிப் பாருங்கள், ‘ந’ அல்ல. ‘ன’வுக்கு நாக்கு நுனி முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால் அண்ணத்தில் தொடும். நாக்கை அங்கேயே வைத்து, உதட்டை மூடி, பல்லை விலக்கி வையுங்கள். செல்போனில் மணிக்கு ஒருமுறை நினைவூட்டல் வைத்தால் இரண்டு வாரத்தில் படிந்துவிடும். வலி இருக்கும் நாள்களில் வெதுவெதுப்பான துணியால் பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். சீடை, முறுக்கு, கரும்பு, சூயிங் கம் வேண்டாம்.

மாலைக்குப் பிறகு காபியும், இரவில் மதுவும் சிகரெட்டும் பல் கடிப்பைக் கூட்டும். மன அழுத்தத்துக்குத் தரும் ஃபுளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின், வென்லாஃபாக்ஸின் போன்ற மாத்திரைகளாலும் சிலருக்கு இது தொடங்குகிறது. தானாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அப்படி இருந்தால் மேல்பல் கார்டு சிலருக்கு மூச்சுத் தடையை மோசமாக்கும்.

சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை, அதோடு பாக்கு அல்லது குட்கா பழக்கமும் உண்டு என்றால் கார்டுப் பேச்சை விட்டுவிட்டு உடனே வாயைப் பரிசோதிக்கப் போங்கள். கன்னத்தின் உள்தோல் இறுகும் நோயாக இருக்கலாம். அது புற்றுநோய்க்கு இட்டுச் செல்லக்கூடியது.

கேள்வி: கார்டு மஞ்சளித்து நாற்றம் அடிக்கிறது. எப்படிக் கழுவுவது?

எடுத்த உடனே குளிர்ந்த நீரில், கார்டுக்கென்று வைத்த மெல்லிய பிரஷால் தேயுங்கள். பற்பசை வேண்டாம், அதன் நறநறப்பு அக்ரிலிக்கில் கீறல் விடும், கீறலில் அழுக்கு சேரும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். வாரம் ஒருமுறை பல் செட் ஊறவைக்கும் மாத்திரையில் ஊறவிடுங்கள். வெந்நீர், வெயில், காரின் டாஷ்போர்டு மூன்றும் கார்டை வளைத்துவிடும். ஈரத்தோடு மூடிய பெட்டிதான் நாற்றத்துக்குக் காரணம், காற்றுத் துளை உள்ள பெட்டியாக வாங்கி, துடைத்த பிறகு வையுங்கள். வீட்டில் நாய் இருந்தால் பெட்டியை உயரமான இடத்தில் வையுங்கள். எச்சில் வாசனைக்கு அது கார்டைக் கடித்துக் குதறிவிடும்.