சுற்றறிக்கை அனுப்பியும் பல்கலைக்கழக ஊழியர்கள் ஏன் ஒட்டாமல் இருக்கிறார்கள்?

"எல்லாவற்றையும் சுற்றறிக்கையாக அனுப்புகிறோம், இருந்தும் ஊழியர்களுக்கு ஈடுபாடு இல்லையே, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தஞ்சைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். தகவல் போய்ச் சேர்கிறது, காரணம் போய்ச் சேர்வதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

அலுவலக உதவியாளர் சுற்றறிக்கைப் பதிவேட்டுடன் மேசை மேசையாக வருவார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டுவார். போட்டுவிட்டு அடுத்த கோப்பை எடுப்போம். ஒருமுறை வருகை நேரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். பாபநாசத்திலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அது எத்தனை பெரிய மாற்றம்! ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. தொகுப்பூதியத் தோட்டப் பணியாளர்களுக்கோ பதிவேட்டில் பெயரே கிடையாது. தாமதம் என்று வாசலில் நிறுத்தியபோதுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது. அன்று தூக்குவாளியைப் பிடித்தபடி வெயிலில் நின்ற ஒரு அம்மாவை என்னால் மறக்க முடியவில்லை.

காரணம் சொல்வது தயவு அல்ல. நிர்வாக முடிவால் பாதிக்கப்படுவோருக்கு அதன் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவே சொல்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை.

ஆகவே முடிவெடுக்கும் முன்பே கேளுங்கள். பிரிவுவாரியாக மாதம் ஒருமுறை கால் மணி நேரம் கூடினால் போதும். தற்காலிகப் பணியாளர்களும் இருக்க வேண்டும். கேட்ட கேள்விக்கு அடுத்த கூட்டத்துக்குள் பதில் வந்தாக வேண்டும். 'முடியாது' என்பதும் பதில்தான். முதலில் சிறிதாகத் தொடங்குங்கள்: சம்பா அறுவடையின்போது விடுப்பு விண்ணப்பங்கள் குவியுமே, அந்த விடுப்புப் பட்டியலை ஊழியர்களே பேசி வகுக்கட்டும்.